உடைந்த பிடியும் மறந்த பெயரும்

இரும்பு எளிதில் உடைவதில்லை, மரமும் அவ்வாறே. இரும்பும் மரமும் கூடும் இடமே உடைகின்றது. நம் இல்லங்களிற் புழங்கும் கருவிகளை ஒருமுறை நிரல்பட வைத்து நோக்குவார்க்கு இது புலனாகும். மண்வெட்டியின் அலகு ஆண்டாண்டாக மண்ணிலே தேய்ந்து பாதியாகக் குறுகும், ஆயினும் உடையாது. அதன் பிடி கைபட்டுக் கைபட்டு மெருகேறும், அதுவும் உடையாது. இரண்டையும் பிணைத்து நிற்கும் ஆப்பு நழுவிவிட்டாலோ இரும்பு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம். கருவி என்பது இல்லையாகிவிடும். ஆப்பும் பூணும் பிடியும் செய்துவந்த தொழிலை இக்காலத்திற் பெரும்பாலும் பிளாத்திக்குத் துண்டுகளே ஏற்றுக்கொண்டுள்ளன. குடையின் பிடி, கத்தரிக்கோலின் விரல்வளையம், தும்புத்தடியின் கழுத்து, தேங்காய்த் துருவியின் கைப்பிடி ஆகிய எதனை எடுத்தாலும் பொறை தாங்கும் இடத்திலே பிளாத்திக்கு நிற்கின்றது. அது பிளந்தவுடன், இன்னும் பத்தாண்டு உழைக்கவல்ல இரும்பும் உடன் குப்பைக்குப் போகின்றது. அங்ஙனம் போகவேண்டுவது முறைதானா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த பொருள்.

பிளாத்திக்கு என்று நம் நாட்டு விஞ்ஞான நூல்கள் எழுதுகின்றன. தமிழகத்தார் நெகிழி என்கின்றனர். நெகிழி அழகிய சொல்லே. ஆயினும் நெகிழவேண்டிய வேளையில் நெகிழாது படீரெனப் பிளந்துவிட்ட ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அதனை நெகிழி என்றழைக்க எனக்கு நா எழவில்லை. எனவே பழகிய சொல்லையே ஈண்டு ஆளுகின்றேன்.

எடுத்துக்காட்டாகத் தேங்காய்த் துருவியையே கொள்வோம். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் தேங்காய் துருவாத நாள் ஒரு வீட்டிற்கு அரிது. துருவும் கருவி இருவகைப்படும். பலகையின் மேல் அமர்ந்து, முன்னே நீண்டிருக்கும் பல்லலகில் தேங்காய்ப் பாதியைத் தேய்ப்பது ஒன்று. யாழ்ப்பாணத்தார் திருவலை என்பது அதனையே. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, ஒரு கையாற் சுழற்றி, மறு கையாலே தேங்காயைப் பற்றிப் பிடிப்பது மற்றொன்று. இவ்விரண்டாம் வகையிலேதான் நம் செய்தி உள்ளது. சுழற்றும் கோலின் முனையில் ஓர் இரும்புத் தண்டு. அதன்மேல் உள்ளீடற்ற பிளாத்திக்குக் குழல் ஒன்று. கை குழலைப் பற்றும். தண்டு குழலினுள்ளே சுழலும். கையும் தோலும் உராயாமல் இருப்பதற்கு அமைந்த நல்ல ஏற்பாடு. ஆனால் அக்குழல் வாய்ப்புறத்திலே நெடுக்காகப் பிளக்கும். பெரும்பாலும் ஒரே இடத்திற் பிளக்கும்.

ஏன் ஒரே இடம்? இதற்குத் தக்க காரணம் உண்டு. உருகிய பிளாத்திக்கை அச்சினுள்ளே அழுத்திச் செலுத்தியே இப்பொருள்களை வார்க்கின்றார்கள். துளை அமையவேண்டிய இடத்தில் அச்சினுள்ளே ஓர் இரும்பு முளை நிற்கும். மகாவலி கங்கையின் நடுவே பாறையொன்று கிடந்தால் நீர் இருபாலும் பிரிந்து சென்று அப்பாலே கூடுகின்றது அன்றோ? உருகிய பிளாத்திக்கும் அம்முளையைச் சுற்றிப் பிரிந்து மறுபுறத்திற் கூடும். நீர் கூடினால் தடம் தெரியாது. பிளாத்திக்கு, கூடுமுன் சிறிது ஆறிவிடுவதால், கூடிய இடத்தில் ஒரு மெல்லிய தழும்பு நின்றுவிடும். கண்ணுக்குப் புலப்படாத அத்தழும்பே நாளடைவில் வெடிப்பாகின்றது. வெயிலும் அடுப்பின் வெம்மையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குத் துணைசெய்கின்றன.

இங்ஙனம் பிளந்த குழல் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு கண்டிக் கடைத்தெருவிலே நான்கைந்து கடைகள் ஏறி இறங்கினேன். ஒரே விடைதான்: “அது தனியே வராது, முழுச் சாமானையும் வாங்குங்கள்.” கடைக்காரரைக் குறைகூற நான் எழுதவில்லை. அவரிடம் நான் எப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லவே எழுதுகின்றேன். ‘இதன் பிடி வேண்டும்’ என்றேன். சுழற்றும் கோல் முழுவதையும் எடுத்துக் காட்டினார். ‘அதுவன்று, அதன்மேல் இருக்கும் குழல்’ என்றேன். நீர்க்குழாய்கள் இருக்கும் பக்கம் கை நீட்டினார். மற்றொரு கடையில் அதனை ‘அந்தப் பிடிக்கிற சாமான்’ என்றார்கள். மூவர் மூன்று பெயர் சொன்னோம், ஒன்றும் பெயரன்று. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, கருவி உடைந்தது பெரிதாகத் தோன்றவில்லை. உடைந்த உறுப்புக்குப் பெயர் இல்லாமையே பெரிதாகத் தோன்றிற்று. பெயர் இல்லாத பொருளைக் கடையிற் கேட்க முடியாது. கேட்பார் இல்லாத பொருளைக் கடைக்காரர் வாங்கி வைக்கமாட்டார். வைக்காத பொருள் உடைந்தால் முழுக் கருவியும் எறியப்படும். சொல் ஒன்று இல்லாமைக்கும் இரும்பு குப்பைக்குப் போவதற்கும் இவ்வளவு நெருங்கிய உறவு உண்டு.

நம் முன்னோர் இந்நிலையில் இருந்தவரல்லர். வேல் ஒன்றை எடுத்துக்கொள்க. வேலின் இலை வேறு; அது செருகப்படும் தண்டு காழ்; காழினைத் தன்னுள்ளே ஏற்கும் குழல்வாய் சுரை; சுரையும் காழும் கழலாமல் ஊடறுத்து நிற்கும் ஆணி மடை. நான்கு உறுப்புக்கும் நான்கு பெயர். உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டிலே பதிப்பித்து வெளிப்படுத்திய புறநானூற்றில் இப்பெயர்கள் கிடக்கின்றன. அதியமான் நெடுமானஞ்சியின் படைக்கலங்களை ஒளவையார் பாடுமிடத்து, பகைவர் நாட்டை அழித்தமையால் அவன் வேல்கள் சுரையோடு பொருந்திய காழுடன் மடை கலங்கி நிலைகெட்டன என்று சொல்லுகின்றார். தொண்ணூற்றேழாம் பாட்டில் உள்ள செய்தி இது. போர்க்களத்தைப் பாடும் புலவர் பழுதின் இடத்தை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகின்றார் என்பதைப் பாருங்கள். வேல் உடைந்தது என்று பொதுப்படக் கூறவில்லை. எந்த இணைப்பு எவ்வாறு கலங்கியது என்று ஒரு கொல்லன் சொல்லுவதுபோற் கூறுகின்றார்.

அதற்கு இரண்டு பாட்டு முன்னர் வரும் செய்தியைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். தொண்டைமானிடம் தூது சென்ற ஒளவையார், அவனது படைக்கலக் கொட்டிலிலே பீலி சூட்டி, மாலை அணிவித்து, காம்பு திருத்தி, நெய் பூசி வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டார். தம் தலைவனுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்றார். புகழ்வதுபோல் இகழ்ந்ததும் இகழ்வதுபோற் புகழ்ந்ததும் என்று அணியிலக்கணம் சொல்லி நாம் அப்பாட்டைக் கடந்துவிடுகின்றோம். வகுப்பில் நானும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்துள்ளேன். அது சரியான விளக்கமே. ஆயினும் அப்பாட்டினுள்ளே ஒரு பட்டறை இருக்கின்றது. பழுது பார்க்கும் இடத்திலே கிடப்பது கருவிக்கு இழுக்கன்று, அது உழைத்ததற்குச் சான்று என்னும் கருத்து இல்லையேல் அத்தூது பொருள்படாது. அரசன் முன்னிலையிலே துணிந்து சொல்லத்தக்க அளவுக்கு அக்கருத்து அந்நாளிற் பொதுவாக இருந்திருக்கவேண்டும்.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. காழ் என்னும் அதே சொல் அங்கே வயிரத்தைக் குறிக்கின்றது. தேர்வுக்காக மனனஞ்செய்து மறந்துவிடும் நூற்பா என மாணவர் நினைப்பர். பிடி போடுகின்றவனுக்கோ அதுவே முதற்பாடம். தென்னையிலும் கித்துளிலும் புறத்தோட்டை ஒட்டிய பகுதியே வலியது, உள்ளே சோறு. பலாவிலே நடுவயிரம் வலியது, புறத்தே வெளிறு. கண்டி நாட்டார் கித்துள் மரத்தில் உலக்கை செய்தபோது எப்பகுதியை எடுத்தார்களோ, அப்பகுதியை மரபியல் பெயரிட்டு வைத்திருக்கின்றது. பிளந்த பிளாத்திக்குக் குழலுக்கு மாற்றாக மரக்குழல் கடைய விரும்புவோர் இதனை மனத்திற்கொள்ளுதல் நன்று. கொய்யாக் கம்பு எளிதிற் கிடைப்பது; இழை நெருங்கியது; கையில் சிலாம்பு ஏறாது.

இனிப் பிளாத்திக்கின் வரலாற்றுக்கு வருவோம். இவ்வரலாறு கண்டிக்கு மிக அண்மையில் நிற்பது என்றால் வாசகர் வியப்புறலாம். அமெரிக்காவில் ஜோன் வெஸ்லி ஹயற் என்பவர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளிற் செலுலொயிட்டை ஆக்கியதற்குத் தூண்டுதல் யானைத் தந்தம். மேசைப் பந்தாட்டத்துக்குத் தந்தப் பந்துகள் வேண்டியிருந்தன. தந்தமோ அருகியும் விலையேறியும் வந்தது. மாற்றுப் பொருள் கண்டவர்க்குப் பெரும் பரிசு என்று விளம்பரம் செய்தார்கள். பெல்ஜியத்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய லியோ பேக்லண்ட் 1907இல் பேக்கலைற்றுக்குக் காப்புரிமை வேண்டினார். அவர் முதலிலே தேடியது அரக்குக்கு மாற்று. மின்கம்பிகளுக்குக் காப்புறையாக அரக்கு வேண்டியிருந்தது. அது இந்தியக் காடுகளிலே சிறு பூச்சிகள் மரக்கொம்பிற் கசியவிடும் பிசின் ஆதலின், தேவைக்கு ஏற்பப் பெருக்க இயலவில்லை. ஆகவே பிளாத்திக்கு என்பது பிறந்தபோதே தந்தத்துக்கும் அரக்குக்கும் பதிலியாகப் பிறந்தது.

தந்தமும் அரக்குமோ கண்டிக் கைவினைஞரின் சொந்தப் பொருள்கள். அரசர் காலத்தில் ‘பட்டல் ஹத்தர’, அதாவது நான்கு பட்டறைகள் என்னும் அமைப்பின்கீழ் அரண்மனைக்குப் பணிசெய்த கம்மியர்கள், கத்திப் பிடிகளைத் தந்தத்திலும் கொம்பிலும் செதுக்கினார்கள். பட்டல் என்னும் சிங்களச் சொல்லும் நம் பட்டறையும் காதுக்கு உறவினர்போல் ஒலிப்பதைச் சொல்லாராய்ச்சியாளர் கவனத்துக்கு விட்டுவிடுகின்றேன். மாத்தளைப் பகுதியில் ஹப்புவிட என்னும் ஊரார் அரக்கை அனலிலே இளக்கி நூலாக இழுத்து, கோல்களிலும் பிடிகளிலும் சுற்றிப் பதித்து, கட்டைவிரல் நகத்தாலே கிள்ளிக் கிள்ளிக் கோலமிடும் தொழில் இன்றும் பெயர்பெற்றது. நகத்தாலே செய்வதாகையால் அதற்கு ‘நியபொத்து வேலை’ என்று பெயர்.

இக்கலைகளை ஊரூராகச் சென்று கண்டு எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பிற் பிறந்த இவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். கனிப்பொருளாய்வுத் துறையின் தலைவராகக் கல்லையும் மண்ணையும் தேடி மலைநாடெங்கும் சென்றவர், கம்மியரைக் கண்டு மனம் திரும்பினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல் 1908இல் வெளிவந்தது. வில்லியம் மொறிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞரும் கைவினைஞருமானவர் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிட்டார்கள். அச்சிட்டவை 425 படிகள் மட்டுமே. பேக்லண்ட் காப்புரிமை கேட்ட 1907ஆம் ஆண்டிலேயே இந்நூல் அச்சேறத் தொடங்கிற்று என்பது நினைக்கத்தக்கது. ஒரு கண்டத்தில் அரக்குக்கு மாற்றுக் கண்டுபிடிக்கின்றார்கள். மற்றொரு கண்டத்தில் அரக்குத் தொழிலை நம்மவர் ஒருவர் ஏட்டிலே பதிந்து காப்பாற்றுகின்றார்.

அரக்கின் சிறப்பு யாது? அனலிற் காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் காட்டினால் மீண்டும் இளகும். இந்தியாவிலே வாளின் பிடிக்குள்ளே அரக்கை வார்த்து, அலகின் வாலைச் சூடேற்றிச் செருகினார்கள். பிடி ஆடினால் மீண்டும் சூடு காட்டி இறுக்கிக்கொள்ளலாம். பழுது பார்க்கும் வழி அப்பொருளிலேயே அடங்கியிருந்தது. பாண்டவர்க்குச் சமைத்த அரக்கு மாளிகையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு நாம் அரக்கைத் தீயின் தோழனாகவே எண்ணிவிட்டோம். தியாகராஜ பாகவதரின் பாட்டை நம் தாத்தாமார் கேட்ட பழைய இசைத்தட்டுகளும் அரக்குக் கலந்தவையே என்பதை இளைஞர் அறியார்.

இக்காலப் பிளாத்திக்குகளுள் அரக்கின் குணம் உடையனவும் உண்டு, இல்லாதனவும் உண்டு. முன்னவற்றை வெப்பமிளக்கும் பிளாத்திக்கு என்றும் பின்னவற்றை வெப்பமிறுக்கும் பிளாத்திக்கு என்றும் நம் பாடநூல்கள் வழங்குகின்றன. வெல்லப்பாகு முன்னதற்கு உவமை. சுட்ட பானை பின்னதற்கு உவமை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்னும் பழமொழி பேக்கலைற்றுக்கு முழுதும் பொருந்தும். ஒருமுறை இறுகிய பேக்கலைற்று எவ்வனலுக்கும் இளகாது, கரியும், அவ்வளவே. இவ்வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே பசையால் ஒட்டப் பார்ப்பதனாலேயே ‘பிளாத்திக்கு ஒட்டாது’ என்னும் தீர்ப்பு நாட்டில் நிலைத்துவிட்டது.

ஆகவே பிளந்த பிடியைக் கண்டவுடன் பசையைத் தேடாமல் அதன் இனத்தைத் தேடவேண்டும். பொருளின் அடிப்புறத்திலே முக்கோணத்துள் ஓர் எண் பொறித்திருந்தால் வேலை எளிது: 2 என்பது பொலித்தீனின் வன்மையான வகை, 5 என்பது பொலிப்புரொப்பிலீன், 6 பொலிசுத்தைரீன். எண் இல்லையேல் ஓரத்தில் நகக்கண் அளவு சீவி, ஒரு துளி சவர்க்காரம் கலந்த நீரில் இடுக. மிதந்தால் பொலித்தீன், பொலிப்புரொப்பிலீன் குடும்பம். ஆழ்ந்தால் ஏனைய குடும்பங்கள். ஆழ்ந்ததன் மேல், காற்றோட்டமான இடத்தில், சுட்ட ஊசி முனையை வைத்துப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் வெப்பமிளக்குவது. இறங்காவிடின் பேக்கலைற்று இனம். எரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டா. சிலவற்றின் புகை நஞ்சு.

மிதக்கும் இனத்துக்குப் பசை பயன்படாது. தாமரை இலைமேல் தண்ணீர் நில்லாதவாறு அவற்றின்மேற் பசை பரவுவதில்லை. உலர்ந்ததும் ஏடுபோல உரிந்துவிடும். அவற்றைச் சூட்டினாலேயே கூட்டவேண்டும். பற்றாசுக் கோலின் முனையால் வெடிப்பின் இரு கரையையும் இளக்கி, அதே இனத்துப் பழைய வாளியிலிருந்து அரிந்த நாரினை இடையே உருக்கி வார்த்தால் தழும்போடு பொருந்தும். அரக்கு வேலையின் அதே முறைதான். ஆழ்ந்து இளகும் இனத்துட் பொலிசுத்தைரீன் முதலிய சிலவற்றை, நகப்பூச்சு அழிக்கும் அசற்றோன் கரைக்கும். கரைந்த கரைகளை அழுத்திப் பிடித்து ஒரு நாள் வைத்தால் ஒன்றாகிவிடும். பேக்கலைற்றுக்குச் சூடும் ஆகாது, கரைப்பானும் ஆகாது. இரு குழம்பைச் சேர்த்துக் குழைக்கும் எப்பொட்சிப் பசையே அதற்கு உரியது. பசை பற்றுமாறு மேற்பரப்பை அரத்தாலே சுரசுரப்பாக்க மறத்தலாகாது.

எவ்வினமாயினும் பொதுவான செயல் ஒன்று உண்டு. வெடிப்பு முடியும் இடத்தில் ஒரு சிறு துளை இடவேண்டும். உடைந்ததிலே மேலும் துளையிடுவதா என்று தோன்றும். வெடிப்பின் முனை ஊசிபோற் கூர்மையானது. கையின் விசையெல்லாம் அம்முனையிற் குவிந்து அதனை மேலும் மேலும் ஓட்டும். வட்டத் துளையிற் புகுந்ததும் முனை மழுங்கிவிடும், விசை பரந்துவிடும். ஆகாய விமானத்தின் தகடுகளிலும் பொறியியலார் இம்முறையைக் கையாளுகின்றார்கள்.

துளை இட்ட பின் வேண்டுவது பூண். உலக்கையின் வாய் பிளவாமற் காக்கும் இரும்பு வளையத்துக்குப் பூண் என்று பெயர். பொன்னாலாகிய அணிகலனுக்கும் பூண் என்றே பெயர். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

பிளாத்திக்குப் பிடிக்குப் பூண் இடும் அருமையான முறை ஒன்றை நான் நூலிற் கற்கவில்லை. கண்டி நகரில் நடைபாதை ஓரத்திலே அமர்ந்து குடை திருத்தும் முதியவர் ஒருவரிடம் கண்டேன். மழைக்கு வஞ்சனை இல்லாத ஊராகையால் அவருக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பிளந்த குழலை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்னங்கய்யா பேரு?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. “பேரு தெரியாட்டியும் நோவு தெரியுதுங்க” என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினார். வெடிப்பின் முனையிலே சுட்ட கம்பியால் ஒரு துளை. பின்னர், நீர்க்குழாய் இணைப்பிலே எஞ்சிய வெள்ளைக் குழாயிலிருந்து ஒரு விரற்கடை அகல வளையம் அரிந்தார். பக்கத்துத் தேநீர்க் கடைக்குச் சென்று கொதிநீர்க் கேத்தலில் அவ்வளையத்தை இட்டார். சிறிது நேரத்தில் அது தோல்போலத் துவண்டது. பழந்துணியாலே பற்றி எடுத்து, பிடியின் வாயிலே இழுத்து மாட்டினார். மாட்டும்போது தளர்ந்து விரிந்த வளையம் ஆற ஆறச் சுருங்கி, வெடிப்பின் இரு உதடுகளையும் இறுக மூடிற்று. வண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டாவைச் சூடேற்றி மாட்டும் அதே நுட்பம். உலைக்குப் பதிலாகக் கேத்தல். கூலியாக அவர் கேட்டது ஒரு தேநீரும் இரண்டு வடையும் வாங்கும் அளவு.

“எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டதற்கு அவர், “அம்மையார் காலத்துல எல்லாரும் படிச்சதுதானுங்க” என்றார். 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரின் ஆட்சியில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. துவிச்சக்கரவண்டியின் குழாய் முதல் கைவிளக்கின் ஆளி வரை திருத்தித் திருத்தியே புழங்கினார்கள். அவ்வாண்டுகளின் பஞ்சத்தை நான் புகழமாட்டேன். மலைநாட்டுத் தோட்டங்களில் மக்கள் பசியால் வருந்திய காலம் அது. ஆயினும் அக்கால் கைகள் கற்றவை, 1977க்குப் பின் சந்தை திறந்து பொருள் மலிந்ததும் தேவையற்றவை ஆயின. பின் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டிற்று. பல பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. லயன் அறையில் நாட்கூலியாலே வாழும் குடும்பத்துக்குத் துருவி ஒன்றைப் புதிதாக வாங்குவது எளிய செய்தியாகத் தோன்றவில்லை. திருத்துவாரைத் தேடினார்கள். திருத்துவார் சிலரே இருந்தார்கள். அச்சிலரும் வயது முதிர்ந்தவர்கள்.

செல்வ நாடுகளும் இக்குறையை உணர்ந்துள்ளன. நெதர்லாந்தின் ஆம்சுற்றடாம் நகரில் 2009இல் அயலவர் கூடி உடைந்த பொருள்களைத் திருத்திக்கொள்ளும் கூடம் ஒன்று தொடங்கி, பிற நாடுகளிலும் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், பழுது பார்ப்பதை ஊக்குவிக்கும் சட்டம் ஒன்றை இயற்றி, 2026 யூலை 31 முதல் உறுப்பு நாடுகள் அதனை நடைமுறைப்படுத்தவேண்டும் என விதித்தது. சலவைப் பொறி, குளிரூட்டி, கைத்தொலைபேசி முதலியன அச்சட்டத்துள் அடங்கும். தேங்காய்த் துருவியை ஐரோப்பியர் மறந்துவிட்டதற்கு அவர்களை நோவதில் பயனில்லை.

எல்லாவற்றையும் திருத்தியே தீரவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆவியழுத்தக் குக்கரின் பிடி பிளந்தால் ஒட்டிப் புழங்குதல் பேதைமை. கொதிக்கும் பாத்திரம் கைநழுவினால் உயிருக்கே கேடு. அதற்குத் தனிப்பிடி கடையிற் கிடைக்கின்றது. வாங்கி மாட்டுதலே அறிவுடைமை. கிடைப்பதற்குக் காரணமும் எண்ணத்தக்கது. குக்கர் பிடி என்று எல்லார்க்கும் தெரிந்த பெயர் அதற்கு உண்டு. வாங்குவோர் பெயர் சொல்லிக் கேட்கின்றார்கள், விற்போர் வைத்திருக்கின்றார்கள். துருவியின் குழலும் தும்புத்தடியின் கழுத்தும் அந்நிலையை அடையாமைக்கு அவை சிறியன என்பது காரணமன்று.

1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தார் விஞ்ஞானத் துறைகளுக்குச் சொற்றொகுதிகள் வெளியிட்டார்கள். பற்றாசு முதலிய பழஞ்சொற்கள் பள்ளி மாணவர் நாவிலே மீண்டும் ஏறியதற்கு அத்தகைய உழைப்பே துணைநின்றது. அமிலத்துக்கும் மின்னோட்டத்துக்கும் சொல் கண்ட நாம் அடுக்களைக் கருவியின் உறுப்புகளுக்குச் சொல் காணவில்லை. அவை ஆராயத்தக்கன என்று பண்டிதர்களாகிய எமக்குத் தோன்றவில்லைபோலும்.

இவ்வாண்டு என் வகுப்பு மாணவரிடம், வீட்டுக் கருவி ஒன்றைத் தேர்ந்து, அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் தத்தம் வீட்டார் எப்பெயரால் வழங்குகின்றனர் எனக் கேட்டு எழுதிவருமாறு பணித்தேன். கட்டுக்கலையிலிருந்தும் அக்குறணையிலிருந்தும் மடவளையிலிருந்தும், நகரைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் வருகின்ற பிள்ளைகள் அவர்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் எடுத்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வந்தார்கள். பிளாத்திக்கு உறுப்புள்ள கருவியை எடுத்தவர்களின் தாளிற் பாதி வெறுமையாக இருந்தது. துருவியின் சுழலும் குழலுக்கு ஒருத்தி ‘கைக்குழல்’ என்று எழுதினாள். ஒருவன் ‘பிடியுறை’ என்றான். தோட்டத்துச் சிறுவன் ஒருவன் தன் பாட்டி சொன்னதாகச் ‘சுத்துப்பிடி’ என்று எழுதியிருந்தான். மூன்றும் நல்ல சொற்களே. சுற்றும்போது சுற்றாதிருப்பதே அக்குழலின் தொழில் ஆகையாற் சுத்துப்பிடி பொருளுக்குச் சற்று மாறுபடுகின்றது என்று இலக்கணம் பார்ப்போர் கூறலாம். பாட்டியின் வாயிலிருந்து வந்தது என்னும் ஒன்றே எனக்கு அதனைத் தள்ளமுடியாதபடி செய்கின்றது. குடை திருத்தும் முதியவரிடம் மூன்றையும் சொன்னேன். கைக்குழல் என்பதை அவர் எடுத்துக்கொண்டார்.

தும்புத்தடியின் கழுத்துக்கு, பண்டைய சுரை என்னும் சொல்லே மிகப் பொருந்தும் என்பது என் துணிபு. மற்றைய உறுப்புகளுக்கு மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மலைநாட்டின் பிற பகுதிகளிலும் வழங்கும் பெயர்களை அன்பர்கள் எழுதித் தெரிவிப்பின், மாணவர் தொகுக்கும் ஏட்டில் ஊர்ப்பெயரோடு சேர்த்துக்கொள்வோம்.